விதை கிடைத்ததா? ஆம் எனில் 1

சூரியன் உதிப்பது, மழை பெய்வது, எங்கள் வேளாண் அலுவலகம் குறுஞ்செய்தி அனுப்புவது ஆகிய மூன்றையும் இந்த உலகத்தில் எவனாலும் தடுக்க முடியாது. மழை சில வருஷம் தவறிப்போகும். சூரியனை மேகம் மறைக்கும். குறுஞ்செய்தி மட்டும் தவறியதே இல்லை. ஆகவே மூன்றில் அதுவே உயர்ந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படித்தவர்கள் சொன்னால் இதையே இன்னும் நீட்டிச் சொல்வார்கள்.

திட்டத்தின் பெயர் 'தேடி வரும் விதை'. போனில் 'விதை' என்று எழுதி ஒரு எண்ணுக்கு அனுப்ப வேண்டும். விதை எங்கே இருக்கிறது என்று உடனே பதில் வந்துவிடும். முன்பெல்லாம் விதைக்காக நாலு கடை ஏறி இறங்குவோம், நாலு பேரை விசாரிப்போம். அந்தக் காட்டுமிராண்டிக் காலம் ஒழிந்தது. இப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே விதை இல்லாமல் இருக்கலாம்.

திங்கட்கிழமை நல்ல மழை. மக்காச்சோளத்துக்காக இரண்டு ஏக்கர் உழுது வைத்திருந்தேன். எங்கள் மண்ணில் ஈரம் எட்டு நாள் நிற்கும். அதற்குள் விதை மண்ணில் விழுந்துவிட்டால் வருஷத்துச் சாப்பாடு. இல்லையென்றால் மாட்டை விற்க வேண்டியதுதான்.

எழுத்துக் கூட்டி அனுப்பினேன். பதில் வந்தது: "மதிப்பிற்குரிய விவசாயி அவர்களே, தங்கள் விதை வேளாண் அலுவலகத்தில் பாதுகாப்பாக உள்ளது. வரச்சொல்லிச் செய்தி வரும்வரை வர வேண்டாம்."

என்னை இதுவரை யாரும் 'மதிப்பிற்குரிய' என்று சொன்னதில்லை. பெண்டாட்டியிடம் காட்டினேன்.

"அவங்களுக்கு உங்களைத் தெரியாதுல்ல" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுத்தது வந்தது. "விதை கிடைத்ததா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2 அனுப்பவும்." இரண்டை அனுப்பினேன். பத்து மணிக்கு அதே கேள்வி. மறுபடியும் இரண்டு. பதினொன்றுக்கும் அதே கேள்வி. அலுவலகம் பூட்டும்வரை மணிக்கு ஒரு தரம், காதைக் கிழிக்கிற சத்தத்தோடு. நான் யாரையும் லேசில் நம்பாதவன். என்னையே நம்பாத ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள், பக்கத்துக் காட்டு வரப்பில் மச்சான் நிம்மதியாகப் படுத்திருந்தார். அவருடைய போன் மூச்சு விடவில்லை.

"என்ன மச்சான், விதை வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு? ஒண்ணை அமுக்கிட்டேன். சனியன் வாயை மூடிக்கிச்சு."

"வராத விதைக்கு எதுக்கு ஒண்ணை அமுக்குனீங்க?"

"நேத்து சாயங்காலம் பால் கறக்கையில அது கத்துச்சு. எருமை எட்டி உதைச்சதுல செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஊர்ல எல்லாரும் அதைத்தான் அமுக்கியிருக்காங்க."

வீட்டிலும் அதே பாட்டு. "அந்த ஒண்ணை அமுக்கித் தொலைங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

"கிடைக்காததைக் கிடைச்சதுன்னு எப்படிடி அமுக்குறது?"

"சௌக்கியமா இருக்கியான்னு உங்க அக்கா கேக்கும்போதெல்லாம் நான் ஒண்ணைத்தான் அமுக்குறேன். செத்தா போயிட்டேன்?"

ஐந்தாம் நாள் அதிகாரியே போனில் கூப்பிட்டார். அலுவலகத்தில் 'நூறு விழுக்காடு' பாராட்டுக் கூட்டமாம், கட்டாயம் வர வேண்டுமாம். ஒரு காலிச் சாக்கை மடித்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனேன்.

நீளமான அறை. நாற்காலிகள் அதிகாரிகளுக்கே சரியாகப் போய்விட்டன. ஊரார் உட்காருவதற்குச் சுவரோரம் மூட்டைகளை வரிசையாகப் போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அடியில் ஏதோ உருண்டது. துணியை விலக்கினேன். மூட்டைக் கிழிசலில் மருந்து தடவிய மக்காச்சோள விதை, சிவப்புச் சிவப்பாக.

அதிகாரி நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். என்னிடம் வந்து குனிந்தார்.

"பெரியவரே, நூத்திப் பன்னெண்டு பேர்ல நூத்திப் பதினோரு பேருக்கு விதை கிடைச்சாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

"ஐயா, நான் உக்காந்திருக்கிறதே விதை மேலதான்."

"உங்க விதைதான் அது."

"அப்ப எடுத்துக்கட்டுமா?"

"வரச்சொல்லிச் செய்தி வந்துச்சா?"

"வரலை."

"எப்படி வரும்? ஊருக்கே கிடைச்சாச்சுன்னு கணினி சொல்லுது. கிடைச்சவங்களை எதுக்குக் கூப்பிடணும்?"

"எனக்குக் கிடைக்கலையே. ரெண்டைத்தானே அமுக்கிட்டிருக்கேன்."

"ரெண்டுங்கிறது புகார். புகார் நிலுவையில இருக்கிறவருக்குப் பொருள் வழங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஒண்ணை அமுக்குங்க, புகார் தீர்ந்துரும்."

"தீர்ந்ததும் குடுத்துருவீங்களா?"

"கிடைச்சுருச்சுன்னு நீங்களே சொன்ன பிறகு எப்படிங்க குடுக்கிறது? ரெண்டு தரம் வாங்கின மாதிரி ஆயிடாதா?"

இவ்வளவு 'தெளிவான' விளக்கத்தை என் ஆயுளில் கேட்டதில்லை. எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தேன்.

"இங்க ஒரு பிடி விதை வாங்கினவன் எவனாவது இருந்தா கையைத் தூக்குங்கடா."

ஒரு கையும் எழவில்லை. மச்சான் கழுத்தைச் சொறியத் தூக்கிய கையைக்கூட இறக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன் பெரியவரே. ஆனா கை தூக்குறதைப் பதிவு பண்ண இந்தத் திட்டத்துல வசதி இல்லை" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

இனிப் பேசிப் பயனில்லை என்று என் சாக்கை உதறி விரித்தேன். மூட்டையின் வாய்க்கட்டில் கை வைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அலுவலகத்து ஆள் என்று திரும்பினால், மச்சான்.

"கேஸாயிரும் மச்சான். அடுத்த தடவை ஊருக்கு ஒண்ணும் தர மாட்டாங்க."

"இந்தத் தடவை என்ன தந்தாங்க?"

மச்சான் யோசித்தார். "டீ வருதாம்" என்றார்.

அதற்குள் அதிகாரி, கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். என் சட்டைப் பையில் போன் கத்தியது.

"இந்த எண்ணில் விவசாயி எவரும் இல்லை. பதிவு நீக்கப்பட்டது. நன்றி."

நூற்றுப் பதினொன்றுக்கு நூற்றுப் பதினொன்று. அதிகாரி அறிவித்ததும் அறை அதிர்ந்தது. கை தட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் கை இருந்தது.

எட்டாம் நாள் காட்டில் மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்தேன். உருண்டை நிற்கவில்லை, விரலிடுக்கில் பொடியாக ஒழுகியது. மச்சான் காட்டிலும் அதே பொடிதான், ஊர் முழுக்கவும் அதேதான். மறுநாள் மாட்டுக்கு ஆள் பார்க்கக் கிளம்பினேன். எனக்கு முன்னால் எருமையை ஓட்டிக்கொண்டு மச்சான் போய்க்கொண்டிருந்தார்.

போகும் வழியில் அலுவலக வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். 'விதை இல்லாத விவசாயி ஒருவர்கூட இல்லாத ஊர்.' நின்று, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம் படித்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதை இல்லாத விவசாயியை ஒழிக்க இரண்டு வழி உண்டு. விதையைக் கொடுக்கலாம், அல்லது விவசாயியை எடுத்துவிடலாம். முதலாவதற்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும். இரண்டாவதற்கு விரல் போதும். எங்கள் ஊர் நூற்றுப் பதினொரு விரல் கொடுத்து உதவியது.