நனைந்த நெருப்புக்குச்சிகளின் தனிப்பெரும் ரசிகர்

யாருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி எல்லாமே தெரிந்தவர் என்று ஒரு மனித வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் மெல்ல நழுவியும் இருப்பீர்கள். ஊருக்கெல்லாம் பிடித்த பாட்டு இவருக்குப் பிடிக்காது. இவருக்குப் பிடித்த பாட்டு ஊருக்குத் தெரிய வந்தால் அன்றைக்கே இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பிறந்தநாள் விழா மண்டபத்தில் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாராவது தன்னிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார். யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் என்ன? தானே கேட்டுத் தானே பதில் சொல்லிவிடுவார்.

மொன்றியலில் இந்த வகைக்கு முதல் மரியாதை செய்வதென்றால் மாலை ரொக்ஸ்பரோவில் இருக்கும் றெக்ஸின் கழுத்தில்தான் விழவேண்டும். வயது ஐம்பத்தெட்டு. கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் அவருடைய உண்மையான வேதம் வீட்டின் நிலக்கீழ் அறையில், வட இங்கிலாந்தின் ஏதோ ஒரு மழை ஊரிலிருந்து வந்த ‘த டாம்ப் மாச்சஸ்’, அதாவது நனைந்த நெருப்புக்குச்சிகள், என்கிற குழுவின் வடிவில் இருந்தது.

கேள்விப்பட்டதில்லையா? அதுதானே அவருக்கு வேண்டும்! எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நியூ வேவ் என்றொரு அலை அடித்தது. நெற்றியை மறைத்த தலைமயிரோடு ஆளாளுக்கு ஒரு கீபோர்டை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அதிலே இருபது மாதம் மிதந்துவிட்டு மூழ்கிப்போன நால்வர்தான் இவர்கள். அவர்கள் விட்டுப்போனது இரண்டு சின்ன இசைத்தட்டுகளும், நாலு பாட்டுகள் கொண்ட ஒரு பெரிய இசைத்தட்டும். அவ்வளவுதான் சொத்து. ஆனால் றெக்ஸைக் கேட்டால் மூன்று மணித்தியாலம் போதாது.

சின்னத் தட்டுகள் இரண்டையும் அவர் கேட்டதேயில்லை. ஒட்டுப் பிரிக்காத தட்டை யாராவது பிரிப்பார்களா? அவை பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறை இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள், அலுமாரியில் பத்திரமாக இருந்தன. பெரிய தட்டைத் தொண்ணூற்றொன்றில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனையில், அட்டை இல்லாமல், நடுவட்டத்தில் ஒட்டிய விலைச்சீட்டோடு வாங்கினார். அந்தச் சீட்டைப் பிய்க்கலாமா? கூடாது. அது சரித்திரம். இன்டர்நெட்டில் போட்டுக் கேட்கலாமே என்றால் முகம் சுருங்கிவிடும்.

“அது கேக்கிறதில்லை, சத்தம் காதில விழுறது. கேக்கத் தெரியோணும்” என்பார்.

அந்த நாலு பாட்டையும் கேட்டுத்தான் அவர் ஒரு முழுத் தத்துவமே கட்டியிருந்தார். பாடகன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். மூடப்பட்ட ஆலைகளின் துக்கம் அதில் கனக்கிறதாம். ஒவ்வொரு மேளத்தட்டும் ஒரு சவப்பெட்டி ஆணியாம். பழைய படமொன்றில் மூன்று பையன்களுக்கு நடுவே ஒரு பெண் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறாளே என்று யாரோ கேட்டதற்கு, “அவ சும்மா அழகுக்கு நிக்கிறா” என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவைத்தவர் இவர்.

இரண்டு வருடத்துக்கு முன், ரசிகர்கள் கூடுவதற்கென்று றெக்ஸே நடத்தும் இணையதளத்தில் கெவின் என்றொருவர் வந்து, “நான்தான் அந்தக் குழுவில் மேளம் அடித்தேன். பாடியது என் அக்கா. நாங்கள் ஆட்டத்துக்கு வாசித்த குழு, நண்பரே, சோகமெல்லாம் எங்களுக்கு வராது” என்று எழுதினார். வேறொருவர் என்றால் எழுந்து கதிரை கொடுத்திருப்பார். றெக்ஸ் பதினான்கு குறிப்புகளோடு மறுப்பு எழுதி, கடைசியில் “உங்களுக்கு இந்தக் குழுவைப் பற்றிப் போதிய அறிவு இல்லை” என்று முத்தாய்ப்பு வைத்து, அந்த மனிதர் இனி வாயே திறக்க முடியாதபடி தடுத்தும்விட்டார். அடித்தவனுக்குத் தெரியாதது கேட்டவனுக்குத் தெரியும்!

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் அதிர்ஷ்டமும் அடித்தது. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி அந்தப் பாட்டுகளை மறுபடி வெளியிடப்போகிறது. கூட வரும் கையேட்டுக்கு நீங்கள்தான் நாலு பக்கம் எழுதவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். றெக்ஸ் எழுதினார். சம்பளமில்லாத விடுமுறை எடுத்து எழுதினார். கிணறு, ஆலை, ஆணி எல்லாம் போட்டு, “அவனுடைய தொண்டையில் ஒரு நகரமே அழுகிறது” என்று முடித்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தன் பெயர் அந்தக் குழுவின் பெயருக்குக் கீழே அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் மனிதர் ஒரு கிலோ கூடியிருந்தார்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தார். வாசலிலேயே சத்தம். அவருடைய மனைவி நிரஞ்சனி வீட்டில் ஆறு பிள்ளைகளை வைத்து ஒரு சிறிய கார்டெறி, அதாவது பிள்ளைகள் காப்பகம், நடத்துகிறார். பிள்ளைகளின் பாட்டுப் பெட்டி அன்று பழுது. நிலக்கீழ் அறைக்குள் றெக்ஸ் இறங்கியபோது ஆறு பிள்ளைகளும் வரிசை கட்டித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். கீபோர்ட் குதிக்கிறது, மேளம் ஓடுகிறது, ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பது மாதிரிப் பாடுகிறாள்.

“என்னப்பா இது? ஆரின்ரை பாட்டு?”

“உங்கடை நெருப்புப் பெட்டிதான். முதலில போட்டன், செத்தவீடு மாதிரிக் கிடந்துது. எலிசா அழத் தொடங்கிட்டாள். அதான் இந்தச் சுவிச்சைத் தட்டிக் கொஞ்சம் ஓட விட்டன்.”

“நீர் மெசினைப் பழுதாக்கிப் போட்டீர்!”

“பழுதெண்டால் பிள்ளையள் இப்பிடி ஆடுவினமே?”

றெக்ஸ் தட்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினார். கேத்திலைக் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி, முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்துவந்த சரித்திரத்தை நகத்தால் சுரண்டினார். சீட்டு உரிந்தது. அதற்குக் கீழே வேகம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: நாற்பத்தைந்து. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்றவேண்டிய தட்டைப் பெரிய தட்டாயிற்றே என்று முப்பத்து மூன்றில் மெதுவாகச் சுற்றவிட்டு, பெண் குரலை ஆண் குரலாக்கித்தான் அத்தனை ஆலைகளையும் அவர் மூடியிருக்கிறார்.

பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வரை அவர் படியில் குந்தியிருந்தார். அவமானம் தாங்க முடியவில்லை. நிரஞ்சனி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

“தொண்ணூற்றொண்டில, அகதி வழக்கு முடியேல்லை, கோப்பை கழுவிற வேலை, ஒரு சனம் தெரியாது” என்றார் றெக்ஸ். “அந்தக் குரல் மட்டும்தான் என்னோட இருந்தது. இப்ப பாத்தால் அப்பிடியொரு ஆளே இல்லை.”

“அவன் இல்லையெண்டால் என்ன? நீங்கள் தப்பி வந்திட்டியள்தானே” என்றார் நிரஞ்சனி. “இப்ப அவையளுக்கு எழுதுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் எழுதுங்கோ.”

“எழுதினால் என்ரை பேரைத் தூக்கிப் போடுவினம்.”

“தூக்கட்டுமன். பிழையோட கிடக்கிறதைவிட அது நல்லம்.”

எழுதாமல் விடலாமா என்று அவர் யோசிக்காமலில்லை. எத்தனை பேர் அந்தக் கையேட்டை வாசிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சிரிக்கும் பெண்ணை ‘அவன்’ என்று அச்சில் ஏற்றிவிட்டு இனி எப்படிப் படுத்துறங்குவது? ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கெவினின் தடையை நீக்கி அவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

மறுநாள் மத்தியானம் கெவினின் பதில் வந்தது. “வேகத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் நண்பரே, நான் இரண்டு வருடமாக அலைகிறேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். கம்பெனி எங்களுக்கு அனுப்பிய உங்கள் நாலு பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. பிறகு மெதுவான வேகத்தில் போடச் சொல்லி முழுவதும் கேட்டாள். தன் பாட்டை இவ்வளவு மனதோடு இதுவரை எவரும் கேட்டதில்லை என்கிறாள். ஒரு சொல் மாற்றவேண்டாம். கம்பெனியோடும் பேசிவிட்டோம், உங்கள் கடிதத்தையும் சேர்த்துப் போடுகிறோம். கடைசிப் பாட்டாக அந்த மெதுவானதும் வரும்.”

அப்படியே வந்தது. கடைசிப் பாட்டுக்கு ‘மொன்றியல் வேகம்’ என்று பெயர். கீழே றெக்ஸின் பெயர். வாசித்துவிட்டு மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? போன சனிக்கிழமை லவாலில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. சாப்பாட்டு வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற அருமைராசா, பாவம், மரியாதைக்கு, “புது ரெக்கோர்ட் ஒண்டு வந்திருக்காமே அண்ணை?” என்று கேட்டுவிட்டார்.

“வந்திருக்கு. ஆனா தம்பி, சனம் முழுக்க அதை நாற்பத்தைஞ்சிலதான் கேக்குது” என்றார் றெக்ஸ், சோற்றுக் கரண்டியை ஓங்கிப் பிடித்தபடி. “அது வெறும் ஆட்டத்துக்கு. உண்மையா கேக்கிற ஆக்கள் உலகத்தில மூண்டு பேர். அதில ஒராள் பாடினவ.”

வரிசை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் பிரியாணி ஆறுகிறதே என்று தவித்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த வேகத்தில் சுருதி ஐந்து அரைச்சுரமாவது இறங்கியிருக்குமே, இதைக்கூடக் கவனிக்காமல் ஒருவர் இருப்பாரா, இதை எழுதியவருக்கு இசைத்தட்டைப் பற்றி என்ன தெரியும், என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று, வாசிக்கும்போது எங்கோ ஓரிடத்தில் உங்கள் வாய் துறுதுறுத்ததா இல்லையா? துறுதுறுத்ததென்றால், தயவுசெய்து அடுத்த விழாவில் எனக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். முன்னால் வேண்டாம்.