தும்மலுக்கு லீவு

இந்தத் தீபாவளிக்கு முன்னால் துறவியாகிவிடுவது என்று முடிவு செய்தேன். நிரந்தரத் துறவி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்புகிற துறவி.

காரணம், எங்கள் மாட்டுங்கா ஃப்ளாட்டின் லாஃப்ட். சமையலறைக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கிறது. உருளி, உடைந்த டேபிள் ஃபேன், கொலுப் பொம்மைகள், மாமனார் சீராகக் கொடுத்து இன்றுவரை யாரும் வெந்நீர் போடாத பாய்லர் எல்லாம் அங்கேதான் வாசம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நான் அதில் ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது என் மனைவி பாகீரதியின் சட்டம். எனக்குத் தூசி அலர்ஜி என்பது என் சட்டம். ஏணியில் இரண்டு படி ஏறியதும் ஒரு தும்மல் போடுவேன். சமையலறைப் பாத்திரமெல்லாம் அதிரும். பாகீரதி முணுமுணுத்துக்கொண்டே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தும்மல் என்னைக் கைவிட்டதே இல்லை.

ஆனால் போன வருஷம் ஏறுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி இருக்கும் பண்ணை ஆசிரமத்தைக் கண்டுபிடித்தேன். வயல், மாடு, தியானம், மௌனம்.

"பாகீ, மனசே சரியில்லை. ஆத்ம சாந்தி வேணும்."

"பேஷா போய்ட்டு வாங்கோ."

"ஞாயித்துக்கிழமைதான் வருவேன்."

"வாங்கோளேன்."

"லாஃப்ட்..."

"அது எங்கே ஓடிப் போறது? ஆசிரமத்துக்கு நானே ஃபோன் பண்ணி புக் பண்ணிடறேன். உங்க ஹிந்தியைக் கேட்டா அவா மௌனம் கலைஞ்சுடும்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமோ? விசிலடித்துக்கொண்டு பையை அடுக்கினேன்.

ஆசிரம வாசலிலேயே மாதாஜி என் மொபைலை வாங்கி வைத்துக்கொண்டார். "இந்த நிமிஷத்திலிருந்து மௌனம். காலையில் தியானம். அதன் பிறகு பண்ணையில் சேவை" என்று ஹிந்தியில் சொன்னார்.

மறுநாள் ஒருவரை மாடு குளிப்பாட்ட அனுப்பினார்கள். ஓர் அம்மாளை வெண்டைக்காய் பறிக்க அனுப்பினார்கள். என்னை மட்டும் மாதாஜியே மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப் போய் அண்ணாந்து காட்டினார். பரண். அதில் போன வருஷத்து வைக்கோல், அதற்கு முந்தின வருஷத்துப் புழுதி. பக்கத்தில் ஏணி.

அலர்ஜி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாதாஜி உதட்டில் விரலை வைத்தார். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

இங்கேதான் கோட்டை விட்டேன். பேசத்தான் தடை, தும்மத் தடையில்லை. ஆனால் யாருக்காகத் தும்முவது? கேட்டு முணுமுணுக்க ஒரு ஆள் வேண்டாமா? எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளும் பெருக்கினேன், அள்ளினேன், தட்டினேன். உடம்பெல்லாம் அரிப்பு, இடுப்பெல்லாம் வலி. கீழே ஒரு பசு அசைபோட்டபடி என்னைப் பார்த்தது, அசல் பாகீரதி பார்வை. மாதாஜி தன் மொபைலில் வீடியோ எடுத்தார். ஆசிரம விளம்பரத்துக்காக்கும் என்று சிரித்து வைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டு மணியை அடிக்கும்போது, அவள் வேலையை முடித்திருப்பாள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. கதவு திறந்தது. ஹாலில் ஏணி நின்றது.

"இன்னும் பண்ணலையா?"

"உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

"ஐயோ, என் அலர்ஜி..." என்று மூச்சை இழுத்தேன்.

"செத்த இருங்கோ." மொபைலை நீட்டினாள். புழுதி மண்டலத்துக்கு நடுவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். "மாதாஜி அனுப்பினா. ரெண்டு தரம் பாத்தேன். ஒரு தும்மல் உண்டா அதுலே?"

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. "அவா எப்படி எனக்குன்னு அந்தப் பரணை..."

"புக் பண்றச்சே கேட்டா, ஆத்துக்காரருக்கு என்ன சேவை பிடிக்கும்னு. ஒசரத்துலே ஏறித் தூசி தட்டறதுன்னா உசிரை விடுவார்னேன்."

காப்பியைக் குடித்துவிட்டு ஏறினேன். பாய்லரை நகர்த்தியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமாகவே ஒரு தும்மல் வந்தது.

"மௌனம்!" என்றாள் கீழேயிருந்து.