காது டொக்டரும் ஹாஜியாரின் கண்ணாடியும்

காது டொக்டரைவிட எரிச்சலூட்டும் மனிதர் மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஹாஜியாரின் காரில் பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை.
2. பழுதைக் கண்டுபிடித்தது நான்.
3. சரிசெய்ததும் நான்.
4. ஹாஜியார் கைகுலுக்கியது டொக்டரோடு.

டொக்டர், நாவற்குடாவில் எங்கள் கராஜில் என்னோடு வயரிங் வேலை செய்பவர். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதில் காதை வைப்பார்; கண்ணை மூடித் தலையாட்டுவார். ஒலிக்காத ஹோர்னுக்குத் "தொண்டை கட்டியிருக்கு" என்பார். நகராத வைப்பருக்குச் "சோம்பல்". சனம் சிரிக்கும், அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கும். டிப்ளோமா படித்த நான் மீட்டரோடு நிற்பேன். மீட்டர் என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் கிழமை முதலாளி அறிவித்திருந்தார்: "வயரிங் பகுதிக்கு ஒரு ஆளைப் பொறுப்பாப் போடப்போறன். ஹாஜியார்ர வாகனமெல்லாம் இங்கதான் வருது. அவர் ஆரைச் சொல்றாரோ, அந்த ஆள்தான்."

எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். மிகவும் வேண்டும்.

ஹாஜியார் வந்திறங்கியதும் டொக்டர் கண்ணாடியில் காதை வைத்தார்.

"ஹாஜியார், காத்தான்குடி ஒழுங்கைக்குள்ள போறவாற ஆக்கள் இதைக் கையால மடக்கிறாங்களா?"

"ஓம் தம்பி, பாதை ஒடுக்கம்தானே. முட்டக்கூடாதெண்டு நல்ல மனசிலதான் மடக்குறாங்க."

"அதான் கோவிச்சிட்டுது."

"ஆ!" என்றார் ஹாஜியார், நோய் தெரிந்த நிம்மதியோடு.

நான் வேலையைப் பார்த்தேன். பியூஸ் சரி. மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்தேன்; ஓடியது. கதவைத் திறந்தால் கண்ணாடி அசைந்தது, மூடினால் நின்றது. கதவோரத்து றப்பர் குழாய்க்குள் ஒரு வயர் மடிந்து மடிந்து அறுந்திருந்தது.

"வயர் அறுந்திருக்கு ஹாஜியார்," என்று காட்டினேன்.

"கோவத்தில அறுத்திட்டுதா?"

புதுத் துண்டு சேர்த்து ஈயம் பற்றவைத்தேன். கண்ணாடி அழகாகத் திரும்பியது. ஹாஜியார் என்னைத் தாண்டிப்போய் டொக்டரின் கையைப் பிடித்தார். "தம்பி, உங்கட காது காதுதான்!" முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"பொறுங்க," என்று டொக்டர் மறுபடி கண்ணாடியில் காதை வைத்தார். அந்தக் காதைப் பிடித்துத் திருகலாமா என்று யோசித்தேன்.

"என்ன சொல்லுது தம்பி?"

"கோவமே இல்லையாம், நான்தான் பிழையாக் கேட்டுட்டன். வயர்தான் அறுந்ததாம். இந்தத் தங்கச்சிதான் கண்டுபிடிச்சு ஒட்டினவவாம். இனி என்ன வருத்தமெண்டாலும் அவவிட்டத்தான் காட்டோணுமாம்."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா புள்ள? முன்னமே சொல்லியிருக்கலாமே! முதலாளி, பொறுப்பை இந்தப் புள்ளயிட்டக் குடுங்க."

நான் சொன்னதை நம்பாதவர், கண்ணாடி சொன்னதும் நம்பிவிட்டார்.

இப்போதைய நிலைமை: வயரிங் பகுதி என் பொறுப்பில். தேநீர் இன்னும் டொக்டருக்குத்தான் வருகிறது. என் பொறாமையும் குறையவில்லை. அவர் காது வைக்காத வண்டி எதையும் நான் வெளியே விடுவதில்லை.