ஆரஞ்சு ஹாலும் உள்ளறைப் பெண்ணும்

என் தங்கையின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். (அம்மா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.)

திருவேற்காட்டில் புதிதாக வாங்கிய எங்கள் ஃபிளாட்டின் ஹாலுக்கு ஆரஞ்சு அடிக்க முடிவெடுத்தேன். இளம் ஆரஞ்சு இல்லை. ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருக்கும் ஜாக்கெட் நிறம். ஒரு சுவருக்குப் போதும் என்றார் பெயிண்டர். "நாலும் அட்ச்சா ஊட்ல குந்தவே ஒரு மாரியா இருக்கும் மேடம்." நாலும் அடிக்கச் சொன்னேன். கணவரின் பிடிவாதத்தால் படுக்கையறை மட்டும் வெள்ளையாகத் தப்பியது.

அடுத்த ஞாயிறு, தங்கை மாலினியைப் பெண் பார்க்கக் குமணன்சாவடியிலிருந்து வந்தார்கள். என் ஃபிளாட்டில்தான் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். (சுவரைக் காட்டத்தான், வேறெதற்கு?)

மாலினி கரும்பச்சைப் புடவையில் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் பட்டு ஹாலே கனன்றது. மாப்பிள்ளையின் அம்மா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுந்து படுக்கையறைக்குப் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள ஒரு பொண்ணு குந்திகினு கீதே, அது யாரு?"

யாருமில்லை என்றேன். சிவப்புப் புடவை, முகமே இல்லை, தான் திரும்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தது என்றார். அவர் கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார், சிரிக்காமல் வந்தார். அதுவரை தங்கையையே வெறித்துக்கொண்டிருந்த நானும் போனேன். வெள்ளைச் சுவரில், நீலப் புகை போன்ற ஒன்றின் நடுவே, நாற்காலி இல்லாமல் அந்தரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்து மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். (அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.)

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார். இந்த வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்றார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வை, உள்ளே இருந்தவளே தேவலை என்பது போலிருந்தது.

மாப்பிள்ளையும் போய்ப் பார்த்தார். அவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மாலினி மெதுவாகக் கேட்டாள்: "நீங்க என்னைப் பாத்தீங்களா?"

கூச்சத்தில் வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். மாலினி கொஞ்சம் யோசித்தாள். மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இப்பப் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க."

ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு படுக்கையறைக்குப் போய்வந்து, "தெரியுது. அது நீங்கதான்" என்றார். ஆரஞ்சை வெறித்துக் களைத்த கண், வெள்ளையைப் பார்த்ததும் அவள் உருவத்தையே நிறம் மாற்றி, பச்சையைச் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. பெரியவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சோதித்த பிறகுதான் காபி குடித்தார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஹால் இப்போது சந்தன நிறம். எந்த விசேஷத்தில் பந்தி போட்டாலும் மாப்பிள்ளையின் அப்பா, "செவப்புப் பொடவைக்கு ஒரு எல போடுப்பா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவர் மனைவியைத் தவிர.

"கண்ணு பண்ண வேலதான், ஒத்துக்கறேன்" என்பார் அந்த அம்மா. "மாலினி ஆடாம அசையாமதான குந்திகினு இருந்துச்சி. உள்ள இருந்தது எதுக்கு என்னக் கையாட்டிக் கூப்ட்டுச்சி?"

நான் தினமும் படுத்துத் தூங்குவது அந்த அறையில்தான்.