பாஸ்கோவுக்கு நாற்பத்திரண்டு பேர்

"விமானத்தக் காட்டுங்க, கேப்டன்."

காப்பியில் முக்குவதற்காகக் கேப்டன் ருபென் இறக்கிய ரொட்டி அப்படியே காப்பிக்குள் நின்றுவிட்டது. எதிர் மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த லோர்னாவின் பேனாவும் நின்றது. அந்த அறையில் அதிர்ச்சி அடையாதது மேலே சுற்றிய மின்விசிறி மட்டும்தான்.

"என்ன கேட்டீங்க?"

"விமானம். வாடகைக்கு விடுறேன்னு சொல்றீங்கல்ல, அதப் பாக்கணும்."

ரொட்டி ஊறி, பாதி உடைந்து, காப்பியில் விழுந்தது.

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று ஜெனலினிடம் அவளுடைய முதலாளி எனிகோ முதல் நாளே சொல்லியிருந்தான். "எதுல கஷ்டம், எப்படிச் சமாளிக்கிறாங்க, எல்லாம் கேளு. விமானத்தக் காட்டுன்னு மட்டும் கேக்காத. சோதனைக்கு வந்த அதிகாரின்னு நெனச்சுக் கதவச் சாத்திருவாங்க. நேர்ல போனா கம்பெனி அட்டையச் சட்டைக்குள்ள போட்டுக்க. நம்ம பேரு வெளிய வரக்கூடாது."

மணிலாவில் சின்ன வாடகை விமானக் கம்பெனிகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து விற்பது எனிகோவின் திட்டம். செய்வதற்கு முன்னால், வாங்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டு வர வேண்டும். கேட்டு வருவது ஜெனலினின் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு கம்பெனி, ஏழு பேட்டி. முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சமார் தீவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் அப்பா, கழுத்தில் அட்டையோடு அவள் நிற்கும் படத்தை வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்தார். அட்டையில் கம்பெனிச் சின்னமாக ஒரு நீல மீன்கொத்தி உண்டு. படத்தில் அவள் முகத்தைவிட மீன்கொத்திதான் தெளிவாக விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ஏழு பேருக்கும் போன் செய்தாள். 'ஆய்வு' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏழு பேரும் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வைப்பதற்கு முன் "சாப்ட்டாச்சாம்மா?" என்று கேட்டார். அதை ஒரு பேட்டியாகச் சேர்க்க எனிகோ சம்மதிக்கவில்லை.

"பயணி மாதிரிப் பேசு," என்றான்.

"அது பொய் சார்."

"பொய் இல்ல, முறை. வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க."

"எங்க தெருவுல அதுக்குப் பேரு பொய்."

"உங்க தெருவுல விமானம் நிக்குதா?"

செவ்வாய்க்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு கேப்டன் ருபெனை மட்டும் அழைத்தாள். ஆறு பேர், வடகோடித் தீவு ஊரான பாஸ்கோவுக்கு, மாதக் கடைசி சனிக்கிழமை.

"கெடைக்கும் மேடம், கண்டிப்பாக் கெடைக்கும்," என்றார் அவர். தேன் ஒழுகியது.

புதன்கிழமை இரண்டாவது கம்பெனியை அழைத்து, பாஸ்கோ என்று ஆரம்பித்ததுமே அந்த ஆள் குறுக்கே விழுந்தான். "கடைசி சனிக்கிழமையா? என்ன மேடம், ஊரே பாஸ்கோ போகுது. அங்க யாருக்காவது கல்யாணமா?" மூன்றாவது கம்பெனியில் கட்டணமே ஒன்றரை மடங்காகியிருந்தது.

கேட்டதைக் கேட்டபடி ஜெனலின் எழுதி அனுப்பினாள். எனிகோ அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "இவ்வளவு கூட்டமா? இத்தன நாள் யாரும் கவனிக்கலையே?"

ஜெனலினுக்கு மனசு உறுத்தியது. உண்மையாகவே போக வேண்டியவர்கள் இத்தனை பேர் காத்திருக்க, அவள் ஆறு பொய் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் கேப்டன் ருபெனை அழைத்து, தன் ஆறு பேரும் வரவில்லை என்றாள்.

"யாரு கம்மியா சொன்னாங்க மேடம்? பேரச் சொல்லுங்க," என்று அவர் குரல் உயர்ந்தது. பத்து நிமிடத்தில் அவர் மற்ற ஆறு கம்பெனிக்கும் போன் போட்டு, தன் பயணிகளைத் திருடியது யார் என்று சத்தம் போட்டிருக்கிறார். திருடும் அளவுக்குப் பயணிகள் இருக்கிறார்களா என்று ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் கட்டணம் இரண்டு மடங்கு.

அவள் விலகினால் குறையும் என்று பார்த்தாள். ஏறியது.

மாலையில் ஏழு பேரிடமும் விமானத்தின் படம் கேட்டாள். ஏழு படங்கள் வந்தன. ஏழு கோணம், ஒரே விமானம். எல்லாப் படத்திலும் மூன்றாவது சன்னலில் அதே பழுப்பு ஒட்டுநாடா.

படங்களை எனிகோவிடம் கொண்டுபோனாள். அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பேட்டியெல்லாம் போதும் ஜெனலின். இனி யார்கிட்டயும் எதுவும் கேக்காத. முக்கியமா விமானத்தக் காட்டுன்னு கேக்காத."

"அப்ப என் வேல நிரந்தரம்?"

"ஏழு பேட்டி முடியலையே. அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்'தான் வெள்ளிக்கிழமை காலை அவளைக் கேப்டன் ருபெனின் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

"அதிகாரியா?" என்று லோர்னா கேப்டனிடம் கிசுகிசுத்தாள்.

"அதிகாரின்னா மொதல்ல சாப்பாடு கேட்ருப்பாங்க," என்றார் கேப்டன். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்தார். "வாங்க மேடம். மழைக்குக் குடை இருக்கா?"

ஓடுபாதையின் ஓரத்தில் கடைசித் தகரக் கொட்டகை. உள்ளே அந்த விமானம் நின்றது. மூன்றாவது சன்னலில் ஒட்டுநாடாவும் இருந்தது. மூக்கு மட்டும் இல்லை. எஞ்சின் இருக்க வேண்டிய பள்ளத்தில் அரிசிச் சாக்கை விரித்து, அதன் மேல் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது.

ஜெனலின் குனிந்து பள்ளத்துக்குள் பார்த்தாள். "எஞ்சின் எங்க?"

"போன புயலுக்கு முன்னாடி பழுதுக்குப் போச்சு," என்றார் கேப்டன்.

"இது யாரோட விமானம்?"

"எங்க ஏழு பேருக்கும் இதான்."

"ஏழு கம்பெனிக்கும்?"

"கம்பெனி ஏழு. விமானம் ஒண்ணு. வேற வேற பேர்ல கூப்பிட்டா ஏதோ ஒண்ணுல மாட்டுவாங்கல்ல?" லோர்னா இதைப் பெருமையாகவே சொன்னாள்.

"பறக்காத விமானத்துக்கு எனக்கு எப்படி 'கண்டிப்பாக் கெடைக்கும்'னு சொன்னீங்க?"

"தொழில்ல இல்லன்னு சொல்லக்கூடாது மேடம். ஆள் வந்தா, பக்கத்துக் கம்பெனிகிட்ட தள்ளிவிடுவோம். பயணி பேரச் சொல்ல மாட்டோம், சொன்னா கொத்திக்கிட்டுப் போயிடுவான். 'ஆறு பேர், பாஸ்கோ, சனிக்கிழம'ன்னு மட்டும் சொல்வோம். அவன் அவனுக்கு அடுத்தவன்கிட்ட சொல்வான்." கேப்டனின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஆனா இந்தத் தடவ பாருங்க, எங்க ஏழு பேருக்குமே தனித்தனியா ஆறு ஆறு பேர் வந்துட்டாங்க. உக்காந்து எண்ணினோம். நாப்பத்திரெண்டு பேர். அதப் பாத்துத்தான் ஒருத்தர் எஞ்சினுக்கே ஏற்பாடு பண்ணிட்டாரு."

அவர் மூலையைக் காட்டினார். அங்கே ஆணி பிடுங்கப்படாத பெரிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. டடோங் என்ற வயதான மெக்கானிக் அதன் ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெனலின் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஆறு பேர், பாஸ்கோ, சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் விட்ட ஒரே பொய், பேரில்லாமல் ஏழு வீடு சுற்றி, ஏழு பொய்யாகி, எஞ்சினாக வந்து உட்கார்ந்திருந்தது.

"கேப்டன்," என்றாள். "அந்த நாப்பத்திரெண்டு பேரும் நான்தான்."

டடோங்கின் துணி நின்றது. பூனை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது.

"நாப்பத்திரெண்டும்?" என்றாள் லோர்னா.

"ஒண்ணு விடாம. அதுலயும் நானே போகல."

லோர்னா விமானச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கேப்டன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், திரும்பவும் கழற்றினார். "எடுத்த எஞ்சினத் திருப்பித் தர முடியாதேம்மா. யாரோ பெரிய வீட்டுப் பிள்ள. நேர்ல வரக்கூட இல்ல, வக்கீல்தான் வந்தாரு. விமானத்துல பாதிப் பங்கு கேட்டு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாங்க. வேற யாரும் முந்திக்கக்கூடாதுன்னு அவசரம். எங்களுக்கு எஞ்சின் வந்துடுச்சு, சரி. அந்தப் பிள்ள நெலம என்ன?"

யாரென்றே தெரியாத அந்த ஆளை ஏமாற்றியது தான்தான் என்று ஜெனலினுக்குப் பட்டது. சட்டைக்குள் கையை விட்டு அட்டையை வெளியே இழுத்துப் போட்டாள்.

"இதான் என் கம்பெனி. இத மறைக்கச் சொன்னாங்க, மறைச்சேன். பொய் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இன்னியோட வேலைய விடுறேன். அந்த வக்கீல் நம்பரக் குடுங்க. ஏமாந்த ஆள்கிட்ட நானே உண்மையச் சொல்லிடுறேன்."

லோர்னா போனைத் துழாவினாள். டடோங் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். கண்ணைச் சுருக்கி அவள் கழுத்தைப் பார்த்தார், பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்பர் எதுக்கு மேடம்? பெட்டி மேல வாங்கினவங்க சீட்டு ஒட்டியிருக்கு. அதுலயும் இதே மீன்கொத்திதான்."

ஜெனலின் பெட்டி அருகே போய்ப் பார்த்தாள். பிறகு அட்டையைக் கழற்றி, பூனை விழித்துவிடாமல், விமானத்தின் மூக்கில்லாத மூக்கில் மாட்டினாள். அவள் முதலாளியிடம் யார் சொல்வது என்று கேப்டன் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.