ஊது டாக்டர்

ஆம்பூரில் அவர் ஊதச் சொல்லாத வாய் இனிமேல் பிறந்தால்தான் உண்டு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊது டாக்டர், அவ்வளவுதான். எங்கள் மாடியில் ஒண்டியாகக் குடியிருந்தார். சாப்பாடு மட்டும் கீழே எங்கள் வீட்டில்.

பாதி நாள் ஆஸ்பத்திரி, மீதி நாள் ஆராய்ச்சி. தோல் கம்பெனியில் தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூசு ஆட்களுக்கு மூச்சிளைப்பைக் கொடுக்கிறதா? கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் இந்த ஒரு கேள்வியோடுதான் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தினார். கையில் எப்போதும் மூச்சின் வேகத்தை அளக்கிற ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். ஊதினால் அதிலுள்ள முள் ஏறும். இளைப்புக்காரர் ஊதினால் கீழேயே நின்றுவிடும். "ஊது, ஊது, விடாத!" என்று பக்கத்தில் நின்று அவர் போடும் சத்தத்தில் கபடி ஆட்டம் தோற்றுப்போகும்.

ஒரு கல்யாணத்தில் பிரியாணியை முடித்த கையோடு மாப்பிள்ளையிடமே குழாயை நீட்டினார். குடித்திருக்கிறானா என்று பெண் வீட்டார் சோதிக்க ஆள் அனுப்பியதாக நினைத்துத் தாய்மாமன் எகிறினார்.

"இன்னா சார், எங்க புள்ளைய சந்தேகப்படுறீங்களா?"

"நீங்களும் ஒரு தடவை ஊதிடுங்க" என்றார் டாக்டர்.

அவருக்கும் இளைப்பு உண்டு. காலையில் மாடியிலிருந்து "ஊது, ஊது, விடாத" என்று கேட்கும். ஊதிக்கொண்டே பேச முடியாதே, அதனால் முதலில் தனக்குத் தானே சொல்லிவிட்டு அப்புறம் ஊதுவார். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தோல் கம்பெனியில்தான் அவர் மாதாமாதம் சோதனை செய்தார். திடீரென்று எல்லோருக்கும் முள் ஜோராக ஏற ஆரம்பித்தது. தூசு தின்றால் நுரையீரல் தேறுமா என்று மனுஷன் குழம்பிப்போனார்.

ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே ஆட்கள் அவரவர் பையிலிருந்த இளைப்பு பம்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்ப் அடித்ததும் மூச்சு லேசாகும், முள் ஏறும். ஆராய்ச்சி அவுட்.

"ஏன் பாய் இப்படி செஞ்சீங்க?" என்று அங்கே நின்ற மேஸ்திரி பாயிடம் டாக்டர் கேட்டார்.

"முள்ளு கம்மியா நின்னா அன்னிக்கு நீங்க சாப்பிடாமயே மாடிக்குப் போய்ட்றீங்களாமே. உங்க கீழ் வீட்டு அம்மா, நம்ம ஸ்டோர்ஸ் அம்மாதான் சொன்னாங்க. மனசு கேக்கல சார்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பையிலிருந்த பம்பை பாய் எடுத்து அவர் வாயில் வைத்து அடித்தார். மூச்சு கொஞ்சம் திரும்பியதும் குழாயை அவர் முன்னால் நீட்டினார்.

"ஊதுங்க சார். ஊது, ஊது, வுடாத!"

மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. கண்ணில் தண்ணீரோடு ஊதினார். முள் பாதிகூட ஏறவில்லை. எல்லோர் முகமும் வாடிப்போனது.

"இன்னிக்கு சாப்பிட்டுட்டுதான் போவேன் பாய்" என்றார்.

மறுமாதம் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினார். சோதனைக்கு முன்னால் யாரும் பம்பைத் தொடவில்லை. முள் கீழே நின்றது, அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டார். வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார். மாடி காலியாகத்தான் இருக்கிறது. வாடகைக்கு விட எனக்கு மனசு வரவில்லை. அந்த ஊரில் காலையில் பக்கத்தில் நின்று யாராவது அவரை ஊதச் சொன்னால் தேவலை.