ரயில் லேட் என்று ஒரு சார்ட்

நான் பொய் சொல்கிறவள். பெரிய பொய்யெல்லாம் இல்லை. "ரயில் லேட் சார்" என்கிற ஒரே பொய்தான், அதையே சலிக்காமல் சொல்கிறவள். (தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினம் ரயிலில் போய்வருகிற யாராவது என்னைக் குறை சொல்லட்டும், பார்க்கலாம்.) அந்தப் பொய்க்கு நானே படம் வரைந்து, கலர் கொடுத்து, மேனேஜர் கண்முன் நீட்டினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்திசாலித்தனம் பளிச்சிட்டது.

எங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. முதலில் ஏறுகிற நான் துப்பட்டாவை விரித்து இடம் பிடித்து வைப்பேன். அடுத்த ஸ்டேஷனான ஊரிகத்தில் கஸ்தூரி அக்கா சட்னி டப்பாவோடு ஏறுவார். பிறகு பெங்களூர் வரை அவர் தோளில் எனக்குத் தூக்கம்.

அதனால் மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் சொன்னபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"ஜெயந்தி, பிஸ்கட் கம்பெனி டேஷ்போர்டுல நாலு சார்ட் சேர்க்கணும். புது ஏஜென்ட் டூல்ல பண்ணுங்க. மண்டே வீட்ல இருந்தே கிளையன்ட்டுக்குக் காட்டுங்க. நல்லா வந்தா வாரத்துல ரெண்டு நாள் வீட்லயே வேலை."

இரண்டு நாள்! வாரத்தில் இரண்டு நாள் சூரியன் உதித்த பிறகு எழுந்திருக்கலாம்!

டேஷ்போர்டு என்றால் கம்பெனியின் விற்பனை விவரமெல்லாம் படம் படமாகத் தெரிகிற பக்கம். அந்த ஏஐ ஏஜென்ட்டிடம் ஓரத்துப் பெட்டியில் எழுதினால் போதும். அதுவே சார்ட் வரைந்து அங்கேயே காட்டும். "இந்தப் பக்கத்தில் சேர்க்கட்டுமா?" என்று கேட்கும். சரி என்றால் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நான்கையும் முடித்துவிட்டேன். தலைகால் புரியவில்லை. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் கணவர் முரளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னாமே, பிஸ்கட்டுக்கு மட்டுந்தான் போடுமா? உங்க ரயில் கதைக்குப் போடுமா?"

"ஏன் போடாது?" என்றேன் ரோஷமாக. யார் தோளில் எவ்வளவு தூக்கம் என்று கணக்குச் சொல்லி ஒன்று கேட்டேன். வந்தது.

"மேனேஜர்கிட்ட தினம் ஒண்ணு சொல்லிகினு கீறியே, அத்தயும் போடேன்!"

போட்டேன். ரயில் லேட் என்று நான் சொன்ன நாட்கள், ரயில் உண்மையில் லேட்டான நாட்கள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஏஜென்ட் நடுநடுவே மரியாதையாக ஏதோ கேட்டது. நான் படித்துப் பார்த்தால்தானே? சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனேன். பிஸ்கட் பக்கம் திறந்தபடியே இருந்தது.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங். நாலு சார்ட்டும் ஜோர். பிஸ்கட் கம்பெனி மேடம் திருப்தியாகத் தலையாட்டினார். நான் பெருமையில் மவுஸை இன்னும் கொஞ்சம் கீழே உருட்டினேன். (யாரும் கேட்கவில்லை. என் கொழுப்பு.)

ஐந்தாவதாக ஒரு சார்ட் எழும்பி வந்தது.

"இந்த கஸ்தூரி ரொம்ப உயரத்துல இருக்காங்களே, எந்த ஊர் டீலர்?" என்றார் மேடம்.

"ஊரிகம் மேடம்" என்று என் வாய் பதில் சொல்லிவிட்டது. பதற்றத்தில் மேலே உருட்டுவதற்குப் பதிலாகக் கீழே உருட்டித் தொலைத்தேன்.

ஆறாவது சார்ட். நான் சொன்ன லேட் சிவப்பில், தென்னைமர உயரம். ரயிலின் லேட் நீலத்தில், புல் மாதிரி. போதாதென்று அடியில் ஏஜென்ட்டின் குறிப்பு வேறு: "இவ்விரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். என் இரண்டு நாள் தூக்கம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீட்டிங் முடிந்ததும் அழாத குறையாக முரளியிடம் சொன்னேன். அவரோ, "எங்கப்பா காலத்துல சுரங்கத்துல ஆளுங்கள கேஜ்ல இறக்கணும்னாகூட, மணி எத்தினி வாட்டி அடிச்சுதுன்னு எண்ணிப் பாத்துட்டுதான் இறக்குவாங்க. நீ இன்னா ஏதுன்னு பாக்காம ஓகே ஓகேன்னா?" என்றார். தூண்டிவிட்ட மகராசன் பேசுகிற பேச்சு! இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

மீட்டிங்குக்கு மறுநாள் ஆபீஸில் மேனேஜர் கூப்பிட்டார்.

"நாலு சார்ட் பர்ஃபெக்ட். அந்த ஆறாவது அதைவிட பர்ஃபெக்ட்" என்றார். "செவ்வாய், வியாழன் வீட்லயே இருங்க ஜெயந்தி. அந்த ரெண்டு நாளாவது ரயில் லேட் ஆகாது இல்ல?"

என் படுக்கையிலிருந்து மேஜைக்கு ஆறே எட்டுதான். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை ஐந்து நிமிடம் பிந்தினால் மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்துவிடும்: "ரயில் லேட்டா?"

நான் பதில் அடிப்பதற்குள், பின்னாலிருந்து காபி டம்ளரோடு எட்டிப் பார்க்கும் முரளி, "இன்னும் ஊரிகமே தாண்டலன்னு போடு மே!" என்பார்.